சின்னத் தாத்தாவின் ஆணி பூட்ஸ்

ஐப்பசி மழை ஓய்ந்து நாலு நாள் வெயில் அடித்தால் எங்கள் ஊர் தலைச்சோலையில் எல்லார் வீட்டு வாசலிலும் பெட்டிகள் திறந்து கிடக்கும். கம்பளி, ஜமக்காளம், கல்யாணப் புடவை, பட்டா அடங்கல் வைத்த துணிப்பை எல்லாம் கயிற்றுக் கட்டிலில் காயும். சேர்வராயன் மலையின் ஈரம் சுவருக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துவிடும். அதை வெளியே அனுப்ப வெயிலை விட்டால் வேறு வழி கிடையாது. போன வாரம் நானும் கடைசிப் பெட்டியைத் திறந்தேன். பச்சை பெயின்ட் உரிந்த டிரங்குப் பெட்டி. மூடியைத் தூக்கியதும் விளக்கெண்ணெய், துரு, பழந்தோல் மூன்றும் கலந்த வாசனை வந்தது. சின்னத் தாத்தா வந்து திண்ணையில் உட்கார்ந்தால் வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு அந்த வாசனைதான் முதலில் சேதி சொல்லும்.

சின்னத் தாத்தா என்றால் என் தாத்தாவின் தம்பி. இரண்டாம் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் இத்தாலி வரைக்கும் போய் வந்தவர். ஊரில் அவரைப் பட்டாளத்தார் என்பார்கள். நான் பிறப்பதற்குப் பல வருஷம் முன்பே அவர் திரும்பி வந்துவிட்டார். ஆனாலும் எனக்கு விவரம் தெரிந்த நாளில்கூட அவர் நடந்து வந்தால் கேட்டது பட்டாளத்துச் சத்தம்தான். பாறையில் ஆணி உரசும் சத்தம். அவர் காலில் இருந்தது ஜெர்மன் சிப்பாயின் பூட்ஸ். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை ஏறும் கறுப்புத் தோல், அடியில் வரிசை வரிசையாக ஆணி, குதிகாலில் லாடம்.

அந்தக் காலத்தில் இந்த மலையில் காலணி போட்டவர்கள் குறைவு. எஸ்டேட் துரைகளும் அவர்களுக்குப் பின் வந்த மேனேஜர்களும் பூட்ஸ் போட்டார்கள். எங்கள் அப்பா மாதிரி கணக்கெழுதும் ஆட்கள் செருப்புப் போட்டார்கள். காப்பிப் பழம் பறிக்க வருகிறவர்கள் வெறுங்காலோடு வருவார்கள், இல்லாவிட்டால் டயர் செருப்பு. முள் தைத்தால் ஊசியால் நெம்பி எடுத்துச் சுண்ணாம்பு வைத்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். இன்று தலைச்சோலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எல்லாரும் ஷூ போட்டிருக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

சின்னத் தாத்தா காப்பிக் கன்று நடும்போது குழி தோண்டுமுன் ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக்கொள்வார். மண்டியிட்டு, கம்பியைச் சாய்வாகப் பிடித்து, மண்ணுக்குள் மெல்ல விட்டுப் பார்ப்பார். செங்குத்தாகக் குத்தவே மாட்டார். கூட இருக்கிற ஆட்கள் கல் இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று நினைப்பார்கள். கண்ணிவெடி தேடியவர்களின் கைப்பழக்கம் அது என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நேராகக் குத்தினால் வெடியின் தலையில் படும், சாய்த்துக் குத்தினால் பக்கவாட்டில் தட்டும். இத்தாலியில் மெட்ராஸ் சாப்பர்ஸ் செய்த வேலைகளில் இதுவும் ஒன்று. பாலம் கட்டுவார்கள், பாதை போடுவார்கள், காலாட்படை போகும் வழியில் புதைத்து வைத்ததைக் கிளறி எடுப்பார்கள்.

சுபேதார் சுப்பிரமணியன் பெயரைச் சொல்லும்போது சின்னத் தாத்தா எழுந்து நின்றுதான் சொல்லுவார். காஞ்சிபுரம் பக்கம் கீழோட்டிவாக்கத்துக்காரர். 1944 பிப்ரவரி 24 அன்று மிக்னானோ என்ற இடத்தில் வெடி அகற்றிக்கொண்டிருந்தபோது, கூட வந்தவர் ஒருவரின் காலடியில் ஒரு கண்ணிவெடியின் விசை தூண்டப்பட்டது. அந்த வகை வெடி உடனே வெடிக்காது. சில விநாடி பொறுத்துத் துள்ளி எழும். அந்த இடைவெளியில் சுப்பிரமணியன் அதன் மேல் தன் உடம்பைப் போட்டுப் படுத்துவிட்டார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள். இறந்த பிறகு அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது கொடுத்தார்கள். சின்னத் தாத்தா வேறு கம்பெனி. நேரில் பார்த்ததில்லை என்பதையும் மறக்காமல் சேர்த்துச் சொல்லுவார். கேட்டதைப் பார்த்ததாகச் சொல்கிற வழக்கம் அவரிடம் கிடையாது. பின்னாளில் பழம்பொருள் பார்க்கிற வேலைக்கு நான் வந்தபோது எனக்குக் கைகொடுத்தது அவரிடம் கண்ட இந்தக் குணம்தான்.

பூட்ஸ் எப்படி வந்தது என்று நான் கேட்காத நாள் இல்லை.

"செத்தவங்க கால்ல இருந்து கழட்டுனீங்களா தாத்தா?"

"சேச்சே. செத்தவன் மேல கையே வைக்கக் கூடாது கண்ணு. அடியில வெடி வச்சுட்டுப் போயிருப்பான். எங்களுக்கு அதுதான் முதல் பாடம். இது சண்டை முடிஞ்சப்புறம் கிடைச்சது."

1945 மே 2 அன்று இத்தாலியில் ஜெர்மன் படைகளின் சரணடைதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கப்புறம் ஓர் இடத்தில் துப்பாக்கி, தலைக்கவசம், தண்ணீர்க் குப்பி, பூட்ஸ் என்று மலையாய்க் குவித்திருந்தார்களாம். அவருடைய பூட்ஸ் அப்போது வாய் பிளந்து போயிருந்தது. குவியலில் இருந்து இரண்டு இரண்டாக எடுத்து, அடியோடு அடி சேர்த்துப் பிடித்துப் பார்த்து, ஒரே தேய்மானம் உள்ள ஜோடியைத் தேர்ந்தெடுத்தாராம். "இடதும் வலதும் ஒருத்தன் கால்லதான் கிடந்துச்சான்னு பாக்கணும்ல?" என்பார். ஒரு ஜோடி பூட்ஸைச் சோதிக்கும் முறையில் முதல் படி இதுதான். அவருக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை.

அளவு அவருக்குப் பெரியது. உள்ளே சாக்குத் துணியை மடித்து வைத்துப் போட்டுக்கொண்டார். வைகாசி மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போகும்போது மட்டும் அதைத் தொட மாட்டார். மேலே குகைக்குள் சாமி இருக்கிறார், மலைக்கு மேல் தோல் போகக் கூடாது என்பார். அன்றைக்கு வீட்டிலிருந்தே வெறுங்கால்தான்.

வலது காலில் அவருக்கு அடிபட்டிருந்தது. இழுத்து நடப்பார். அதனால் வலது பூட்ஸின் அடித்தோல் சீக்கிரம் தேய்ந்தது. ஒரு தை மாதம் பொங்கல் கழிந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு சேலத்துக்கு இறங்கினார். அப்போதெல்லாம் 20 கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் பஸ்ஸில் பாதிப் பேருக்கு வாந்தி. நான் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தேன். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். சாக்கு விரித்து, முன்னால் இரும்புக் கட்டை, பக்கத்தில் ஊறவைத்த தோல் கிடக்கும் மண்சட்டி, குத்தூசி, மெழுகு உருண்டை. மற்ற வாடிக்கைக்காரர்கள் நின்றபடியே செருப்பை அவர் முன்னால் எறிவார்கள். சின்னத் தாத்தா அவர் பக்கத்தில் அதே சாக்கில் உட்கார்ந்தார். அன்று டீக்கடையில் பெரியவருக்கென்று தனியாக ஒரு டம்ளர் மாட்டியிருந்தது. அது அநியாயம். சின்னத் தாத்தா போய் இரண்டு டீயையும் கடையின் பொதுக் கிளாஸிலேயே வாங்கிக்கொண்டு வந்தார். கடைக்காரர் முகம் சுளித்தார். பட்டாளத்தாரிடம் வாய் திறக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

பெரியவர் பூட்ஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலில் முகர்ந்தார். அப்புறம் அடித்தோலின் வெட்டு முனையை நகத்தால் கீறினார்.

"இது நம்மூர்த் தோல் இல்லீங்க. ஏதோ மரப்பட்டையில பதம் பண்ணுனது. நல்ல வேலை. ஆணியைப் பாருங்க, சுத்தியும் கறுத்துப் போயிருக்கு. ரொம்ப வருசம் உள்ளயே கிடந்த ஆணி."

"அதை அப்படியே விட்டுட்டு வேலை செய்ய முடியுமா?"

"குதிகால விட்டுடலாம். முன்பக்கம் தோல் செத்துப்போச்சு. ஆவாரந்தோலு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். எருமை. இப்பல்லாம் வாட்டில் பட்டைத் தோலுதான் வருது. இது பழசு. உங்களுக்குப் போட்டுடறேன்."

பழைய ஆணிகளை ஒவ்வொன்றாகக் குறடால் பிடுங்கி, வளையாததை எல்லாம் ஒரு தகர டப்பாவில் போட்டுக்கொண்டார். புது அடித்தோலை வைத்துத் தைத்து, அதே ஆணிகளைத் திருப்பி அறைந்தார். பத்தாததற்கு இரும்புக் கடையில் ஒரு பொட்டலம் ஆணி வாங்கி வரச் சொன்னார். வாங்கப் போனது நான்தான். அந்தக் கடைக்காரர் காகிதத்தில் சுருட்டிக் கொடுத்த பொட்டலத்தின் கனம் இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

பழம்பொருள் சேர்க்கும் ஆசை எனக்கு வந்தது சென்னையில் வேலை பார்த்த காலத்தில். 1985-இல் எரிந்துபோவதற்கு முன் மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம், கிராமபோன், கடிகாரத்தோடு மிலிட்டரி டிஸ்போசல் சாமான்களும் கிடைக்கும். மற்றவர்கள் பதக்கமும் தொப்பியும் தேடினார்கள். நான் பூட்ஸ் தேடினேன். கான்பூர் கூப்பர் ஆலன் தொழிற்சாலையில் தைத்த இந்தியப் படையின் பூட்ஸ் ஒன்று அங்கேதான் முதலில் கையில் கிடைத்தது. உள்பக்கம் அம்புக்குறி முத்திரை, அதன் கீழே ஐ என்ற ஆங்கில எழுத்து. இந்திய அரசின் படைச் சாமான் என்பதற்கு அடையாளம் அது.

தோலைப் படிக்கத் தொடங்கியபோதுதான் நம் ஊருக்கும் அந்தப் போர்களுக்கும் இருந்த உறவு தெரிந்தது. ஆவாரம்பட்டையில் பதமாக்கி, கடுக்காய்ச் சாற்றில் முடித்த மாட்டுத் தோல் ஈரோடு, திருச்சி, திண்டுக்கல், சென்னைப் பக்கத்திலிருந்து லண்டன் சந்தைக்குக் கப்பல் கப்பலாகப் போயிருக்கிறது. கிழக்கிந்தியத் தோல் என்று அங்கே அதற்குப் பெயர். ஆவாரம்பட்டை மட்டும் போட்டால் தோல் வெளிர் மஞ்சளாக இருந்து, வெளிச்சம் பட்டதும் சிவந்துவிடும். அதைத் தடுக்கத்தான் கடுக்காய். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு மேல்தோல் பெரும்பகுதி இங்கிருந்துதான் போனது. அரசே மொத்தமாக வாங்கிக் கப்பலேற்றியது. அதற்கு முன் இந்தியாவின் பச்சைத் தோல் ஏற்றுமதியில் பெரிய கை யாருடையது தெரியுமா? ஜெர்மன் வியாபாரிகளுடையது. ஹாம்பர்க்கிலும் பிரெமனிலும் இருந்தவர்கள் கல்கத்தாவில் ஆள் வைத்து வாங்கினார்கள். ஆக 1914-இல் எதிரெதிராக நின்ற இரண்டு பக்கத்துக் கால்களிலும் நம் மாட்டுத் தோல் இருந்திருக்கிறது.

இதே சென்னையில்தான் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோம் உப்பால் தோல் பதனிடும் முறையைக் கொண்டுவந்தார். அதைத் தொடர்ந்து வந்த குரோம் லெதர் கம்பெனியின் பெயரில்தான் குரோம்பேட்டை இருக்கிறது. மின்சார ரயிலில் அந்த ஸ்டேஷனைத் தாண்டும்போதெல்லாம் எனக்குத் தோல் ஞாபகம் வரும். பட்டையில் பதமான தோலையும் குரோம் தோலையும் பிரித்தறிவது இந்த வேலையில் அரிச்சுவடி. வெட்டிய முனையைப் பாருங்கள். பட்டைத் தோல் உள்வரை பழுப்பாக இருக்கும். குரோம் தோலின் நடுவில் நீலமோ சாம்பல் பச்சையோ தெரியும். ஒரு நூலளவு சீவி எரித்தால் குரோம் தோலின் சாம்பலில் பச்சை தட்டும்.

எனக்குப் பிடித்த சோதனை இன்னொன்று. செவ்வாய்ப்பேட்டைப் பெரியவர் ஒரே பார்வையில் சொன்னது அது. கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து நம் முன்னோர் எழுதுகிற மை காய்ச்சினார்கள். பட்டைத் தோலில் இருக்கும் துவர்ப்பும் ஆணியின் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் அதே மை உண்டாகும். பல வருஷம் மழையிலும் சேற்றிலும் நடந்த பூட்ஸில் ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் நீலக் கறுப்பாக ஒரு வளையம் விழுந்திருக்கும். ஆணியைப் பிடுங்கினால் துளையின் அடி வரைக்கும் கறுப்பு இறங்கியிருக்கும். நேற்று அறைந்த ஆணிக்கு அது இருக்காது. வினிகரில் இரும்பை ஊறவைத்துத் தடவிப் போலி வளையம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மேலே கறுக்கும், துளைக்குள் போகாது. காலம் உள்ளிருந்து வேலை செய்யும், ஏமாற்றுகிறவன் மேலிருந்து வேலை செய்வான். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஜெர்மன் படையின் உயரமான நடை பூட்ஸுக்குச் சில அடையாளங்கள் உண்டு. அடியில் 35 முதல் 45 வரை ஆணி. குதிகாலில் லாடம், அடித்தோலின் இடுப்புப் பகுதியில் மரக் குச்சிகள் அறைந்திருப்பார்கள். உள்ளே இழுத்துப் போட இரண்டு நாடா. தோல் இயற்கையான பழுப்பு நிறத்தில் வரும், சிப்பாயே கறுப்பு பாலிஷ் போட்டுக் கறுப்பாக்க வேண்டும். அதனால் நிஜமான ஜோடியின் உள்பக்கத்திலும் மடிப்பின் ஆழத்திலும் பழுப்பு எட்டிப் பார்க்கும். 1939-இல் போர் தொடங்கியதும் தோலை மிச்சம் பிடிக்கக் குழாயின் உயரத்தைக் குறைத்தார்கள். பிறகு உயர பூட்ஸைக் குறைத்து, கணுக்கால் அளவு கட்டு ஷூவும் கான்வாஸ் பட்டையும் கொடுத்தார்கள். போரின் பின்பாதியில், தயாரித்த கம்பெனியின் பெயருக்குப் பதில் எண் வந்தது. பூஜ்யத்தில் தொடங்கி சாய்கோடு போட்டுப் பிரித்த எண். குண்டு போடுகிறவர்களுக்குத் தொழிற்சாலை எங்கே என்று தெரியக் கூடாதில்லையா? உயரமும் எண்ணும் ஆணியும் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும். ஒன்று 1938 என்றும் மற்றொன்று 1943 என்றும் சொன்னால் நடுவில் ஒரு கை புகுந்திருக்கிறது.

நூலையும் மறக்கக் கூடாது. அந்தக் கால நூல் ஆளி நாரில் முறுக்கியது, எரித்தால் சாம்பலாகும். பாலியஸ்டர் நூல் உருகி மணியாகச் சுருளும். புற ஊதா டார்ச்சை அடித்தால் புதிய நூல் பல நேரம் வெள்ளை நீலமாகப் பளிச்சிடும்.

பெங்களூரிலிருந்து ஓர் இளைஞர் ஒரு ஜோடியைத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்தார். ஜெர்மன் அதிகாரியின் பூட்ஸ், அதுவும் ஹிட்லரின் எஸ்.எஸ். படையினுடையது என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். பெரிய தொகை. உள்பக்கம் கழுகு முத்திரை அழகாகத் தெரிந்தது, தேவைக்கு மேல் அழகாக. வெயிலில் கொண்டுபோய் வைத்துப் பூதக்கண்ணாடியில் காட்டினேன். தோலில் குறுக்கே ஒரு வெடிப்பு ஓடியது. முத்திரை அந்த வெடிப்பின் மேல் முறியாமல் உட்கார்ந்திருந்தது. முத்திரை முதலில் குத்தியிருந்தால் வெடிப்பு அதையும் பிளந்திருக்க வேண்டும். அப்புறம் டார்ச் அடித்தேன், தையல் முழுக்க ஒளிர்ந்தது. போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனியும் இப்படிப்பட்ட பூட்ஸ்தான் வைத்திருந்தது, அதன் படை 1956-இல் அமைந்தது. அந்தக் கால பூட்ஸை வாங்கி, ஆணி அறைந்து, முத்திரை குத்திச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். இதுவும் அந்த ரகம்.

அவர் முகம் வாடிப்போனது. "அப்ப இது ஒண்ணுமே இல்லீங்களா சார்?" என்றார்.

"ஒண்ணுமில்லைன்னு யாரு தம்பி சொன்னா? ஒரு சிப்பாய் போட்ட பூட்ஸ்தான். பொய் சொல்றது அந்த முத்திரை மட்டும்தான்" என்றேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். இப்போது அவர் சொந்தமாகவே பார்க்கக் கற்றுக்கொண்டு வருகிறார். போன முறை எனக்கு முன்னால் ஒரு போலியைப் பிடித்தார்.

அவர் கேட்ட இன்னொரு கேள்விக்கும் அன்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. நாஜிக் கொடுங்கோலாட்சியின் பூட்ஸை எதற்கு வீட்டில் வைத்துக்கொள்வது? நியாயமான கேள்வி. பெர்லினுக்குப் பக்கத்தில் சாக்சன்ஹௌசன் என்ற வதைமுகாம் இருந்தது. 1940 முதல் அங்கே ஒரு ஷூ சோதனைப் பாதை போட்டார்கள். கல், சரளை, மணல், சிமென்ட் என்று விதவிதமான தளம். தோலுக்குப் பதில் எந்தப் பொருள் தாங்கும் என்று பார்க்கக் கைதிகளைப் புது பூட்ஸோடு நாளெல்லாம் நடக்கவைத்தார்கள். ஒரு நாளில் 40 கிலோமீட்டர் வரை. பலருக்கு முதுகில் சுமை வேறு. விழுந்தவர்களை அடித்தார்கள், பலர் அந்தப் பாதையிலேயே செத்தார்கள். இதைப் படித்த பிறகு பல நாள் நான் பெட்டியைத் திறக்கவில்லை. அப்புறம் ஒரு முடிவுக்கு வந்தேன். கழுகும் சின்னமும் போட்ட சாமான் எதையும் நான் வாங்க மாட்டேன், விற்க மாட்டேன். பூட்ஸைப் பற்றிப் பேச வருகிறவரிடம் அந்தப் பாதையைப் பற்றிச் சொல்லாமல் அனுப்ப மாட்டேன். அந்தக் கைதிகளை மறந்துவிட்டு ஆணி எண்ணுவதில் எனக்கு விருப்பமில்லை.

சின்னத் தாத்தாவின் ஜோடியை நான் முழுதாகச் சோதித்தது அவர் காலமாகிப் பல வருஷம் கழித்து. வீட்டுச் சாமான் என்பதால் சலுகை எதுவும் காட்டவில்லை. குழாயின் உயரம் குறைத்த அளவில் இருக்கிறது. உள்ளே எண் முத்திரை மங்கலாகத் தெரிகிறது, கம்பெனிப் பெயர் கிடையாது. நூல் எரிந்து சாம்பலானது. இடது பூட்ஸின் ஆணிகள் எல்லாம் கறுப்பு வளையத்தோடு அப்படியே இருக்கின்றன. மரக் குச்சிகளில் ஒன்றுகூட விழவில்லை. 1945-இல் இத்தாலியில் ஒரு குவியலில் கிடந்த பூட்ஸ் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கிறது. வலது பூட்ஸின் குதிகாலும் அப்படியே. முன்பாதி மட்டும் வேறு. அந்தத் தோல் சிவந்திருக்கிறது, ஓரத்தில் தையலின் இடைவெளி பெரிது. ஆணிகளில் இரண்டு ரகம். ஒரு ரகத்தின் தலையில் குறடு பிடித்த தடம் இருக்கிறது. இன்னொரு ரகம் சேலத்து இரும்புக் கடையில் நான் வாங்கி வந்தது. ஆவாரந்தோலும் தன் பங்குக்கு மையைக் காய்ச்சிவிட்டது. அந்த ஆணிகளைச் சுற்றியும் இப்போது கறுப்பு வளையம் விழுந்திருக்கிறது, இடது பூட்ஸில் இருப்பதைவிடச் சற்று மெல்லிசாக.

வெளிநாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் படங்களைப் பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னார். அந்த முன்பாதியைப் பெயர்த்துவிட்டு, அந்தக் கால ஜெர்மன் அடித்தோலும் ஆணியும் வாங்கிப் போட்டால் ஜோடி முழுமையாகிவிடும், விலை பல மடங்கு ஏறும். பழைய கையிருப்பு ஆணி பொட்டலமாகவே கிடைக்கிறதாம். அக்கறையோடுதான் சொன்னார். எனக்கு அதைக் கேட்டதும் கோபம் வந்தது. எத்தனை பேர் போட்டிருந்தாலும் ஒரு பூட்ஸின் கதை அத்தனை பேருக்கும் சொந்தம். வேப்பமரத்தடியில் ஒரு மனிதர் தான் பத்திரமாக எடுத்து வைத்திருந்த நல்ல தோலைக் கொடுத்து, வளையாத பழைய ஆணி ஒன்றையும் வீணாக்காமல் திருப்பி அறைந்திருக்கிறார். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, யாரும் நடக்காத ஓர் அடித்தோலை ஒட்டினால்தான் அது அசலா? எதை யார் செய்தார், எப்போது செய்தார் என்று ஒளிக்காமல் சொல்ல முடிகிற பொருள்தான் என் கணக்கில் அசல். செவ்வாய்ப்பேட்டைப் பெரியவரின் வேலை பூட்ஸுக்கு வந்த பழுது ஆகாது. அது அதன் வரலாற்றில் ஒரு பக்கம்.

போன வாரம் பெட்டியைத் திறந்ததற்கு வெயில் மட்டும் காரணம் இல்லை. பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸின் அருங்காட்சியகம் இருக்கிறது. பூட்ஸை அங்கே கொடுக்கலாம் என்று வீட்டில் பேசி முடிவெடுத்திருக்கிறோம். பூசணத்தை உலர்ந்த துணியால் துடைத்து, உள்ளே பழைய பருத்தி வேட்டியைச் சுருட்டி வைத்து, நிழலில் காற்றாட வைத்தேன். விளக்கெண்ணெய் இனி வேண்டாம், அது தோலின் நூலிழையை இளக்கிவிடும். மகள் ஒரு அட்டையில் நான் சொல்லச் சொல்ல எழுதினாள். இடது: ஜெர்மன் படை நடை பூட்ஸ், போர்க்காலத் தயாரிப்பு, மாற்றம் இல்லை. வலது: அதே ஜோடி. முன்பாதி அடித்தோல் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மாற்றியது, ஆவாரந்தோல், எருமை. ஆணிகள் பழையதும் சேலத்து ஆணியும் கலந்தது. உள்ளே இருக்கும் சாக்குத் துணி, கொண்டுவந்தவர் வைத்தது. "பெரியவர் பேரு என்னப்பா?" என்று மகள் கேட்டாள். அன்று நாங்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. செருப்புத் தைக்கிறவரிடம் பெயர் கேட்கிற வழக்கம் அப்போது கிடையாது. "சேலத்துத் தோல் தொழிலாளி, கைவேலை" என்று எழுதச் சொன்னேன், சின்னத் தாத்தாவின் பெயருக்கு அடுத்த வரியில், அதே அளவு எழுத்தில்.

அருங்காட்சியகத்துக்கு எழுதிய கடிதத்தில் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். அட்டையில் இருப்பதை ஒரு சொல்லும் குறைக்காமல் பூட்ஸின் பக்கத்தில் வைக்க வேண்டும், வலது அடித்தோலை யாரும் மாற்றக் கூடாது. சம்மதம் என்று பதில் வந்ததும் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவேன்.